எதுவரை வருகிறது?

வீட்டில் வைஃபை நின்றுபோனால் எங்கள் தெருவில் முதலில் திட்டு வாங்குவது அந்த வீட்டின் இளையவர்தான். “ராத்திரியெல்லாம் அதை வச்சுக்கிட்டு என்ன பண்ணினே?” என்று தொடங்கும் பேச்சு, தூக்கம், கண்பார்வை, போன பரீட்சை மார்க் என்று எங்கெங்கோ போய்ச் சேரும். மடிக்கணினி மேசைமேல் அப்படியே கிடக்கும். அதை யாரும் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எனக்கு இது பழகிய காட்சி. தொலைபேசித் துறையில் ஆபரேட்டராகச் சேர்ந்து, பின்னாளில் பழுதுப் புகார் கேட்கும் 198-இல் உட்கார்ந்து, ஓய்வு பெற்றவள் நான். ஃபோன் செத்துப்போய்விட்டது என்று கூப்பிடுகிறவர்கள் முதலில் ஒரு ஆளைச் சொல்வார்கள். மாடிப் போர்ஷனில் குடியிருப்பவர் கம்பியை இழுத்துவிட்டார், எதிர்வீட்டில் தென்னை மட்டை வெட்டினார்கள், பேரன் கீழே போட்டுவிட்டான். எனக்கு வேண்டிய தகவலோ வேறு. டயல் டோன் வருகிறதா? மணி அடிக்கிறதா? எடுத்தால் எதிர்முனை கேட்கிறதா? எது வருகிறது, எது வரவில்லை என்று பிரித்துச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பேரனை அடிக்க வேண்டிய அவசியமே வராது.

டிரங்க் கால் காலத்திலேயே இந்தப் பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது. ஆபரேட்டர் துணையில்லாமல் வெளியூருக்கு நேராக டயல் செய்யும் எஸ்.டி.டி. வசதி நம் நாட்டில் 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவே தொடங்கியது. ஆனால் எங்கள் காவிரிக்கரைச் சிற்றூருக்கு அது வந்துசேரப் பல காலம் பிடித்தது. அதுவரை புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று காசுக்கேற்ற அவசரம். நான் திருச்சியைக் கூப்பிடுவேன். திருச்சி மெட்ராஸைக் கூப்பிடும். மெட்ராஸ் அந்த வீட்டு நம்பரைக் கூப்பிடும். கிடைக்கவில்லை என்றால் “லைன் கிடைக்கலே” என்று சொல்லிவிட்டு நகர முடியாது. எதுவரைக்கும் வந்தது? திருச்சி வரை வந்து மெட்ராஸ் லைன் எங்கேஜா? மெட்ராஸ் வரை போய் அந்த வீட்டில் எடுக்கவில்லையா? பெற்றவளுக்கு உடம்பு சரியில்லை என்று புக் செய்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு இந்த இரண்டு பதிலும் ஒன்றாகாது. முன்னதற்கு இன்னும் சற்று நேரம் காத்திருக்கலாம். பின்னதற்குப் பக்கத்து வீட்டு நம்பரைத் தேட வேண்டும்.

198-க்கு வந்தபிறகு அதே கேள்வி இன்னும் கூர்மையானது. எக்ஸ்சேஞ்சுக்குள் நுழையும் ஒவ்வொரு ஜோடிக் கம்பியும் எம்.டி.எஃப். என்ற உயரமான இரும்புச் சட்டத்தில் வந்து முடியும். சட்டத்துக்கு ஒரு பக்கம் தெரு, மறுபக்கம் இயந்திரம். அங்கே பிரித்துச் சோதித்தால் கோளாறு உள்ளேயா வெளியேயா என்று தெரிந்துவிடும். வெளியே என்றால் தெருமுனைப் பில்லர். அங்கே நன்றாக இருந்தால் கம்பத்தில் இருக்கும் டி.பி. பெட்டி, அதுவும் சரி என்றால் வீட்டுக்குள் போகும் டிராப் வயர், கடைசியில்தான் கருவி. ஐப்பசி மழையில் காகிதம் சுற்றிய பழைய கேபிள்களில் தண்ணீர் இறங்கிவிடும். தோண்டிப் பார்த்தால் கேபிளின் நடுவுடம்பு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டு துண்டுகளைச் சேர்த்த ஜாயின்டில்தான் ஊறியிருக்கும். எங்கள் லைன்மேன்களில் வயதானவர்கள் மண்வெட்டியை எடுப்பதற்கு முன்பே ஜாயின்ட் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்ப்பார்கள்.

இத்தனையும் சொல்லக் காரணம், போன வருஷம் பக்கத்து வீட்டில் நடந்த ஒரு பஞ்சாயத்து.

அந்த வீட்டுப் பெண் கல்லூரியில் படிக்கிறாள். அவளிடம் இருப்பது அண்ணன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய மடிக்கணினி. அதில் வைஃபை இணையவில்லை. மறுநாள் ஏதோ ஒப்படைக்க வேண்டியிருந்தது. நான் போனபோது நான்கு தீர்ப்புகள் தயாராக இருந்தன. அப்பா: “கண்டதை எல்லாம் டவுன்லோடு பண்ணி மெஷினைக் கெடுத்துட்டா, அக்கா.” சென்னையிலிருந்து ஃபோனில் அண்ணன்: “விண்டோஸை அழிச்சுட்டு மறுபடி போடணும்.” இணைய நிறுவனத்தின் உதவி எண்: “எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது.” பாட்டி: “என் ஃபோன்ல நல்லாத்தானே வருது, இவளுக்கு மட்டும் என்ன?” பாட்டி சொன்னது தீர்ப்பு மாதிரி ஒலித்தாலும் அந்த அறையில் இருந்த ஒரே சாட்சியம் அதுதான். ஒரு கருவியில் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை.

ஆனால் சாட்சியத்தையும் விசாரிக்க வேண்டும். ஃபோனில் வருகிறது என்று சொல்கிறவர்களை நம்பிப் பலர் ஏமாறுவது இங்கேதான். வைஃபை நின்றுபோனால் ஃபோன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். பார்க்கிறவருக்குப் படம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பாட்டி ஃபோனில் மொபைல் டேட்டாவை அணைக்கச் சொன்னேன். அணைத்தபிறகும் அவர் பார்த்துக்கொண்டிருந்த கோலங்கள் ஓடின. ஆக, தெருவிலிருந்து வீட்டு வைஃபைப் பெட்டி வரை வருகிறது, பெட்டியிலிருந்து காற்றிலும் வருகிறது. உதவி எண்ணில் பேசியவர் சொன்னது உண்மை.

அடுத்து, அந்த ஃபோனிலேயே ஹாட்ஸ்பாட் போட்டு மடிக்கணினியை அதில் இணைத்துப் பார்த்தோம். இணைந்தது, பக்கங்கள் திறந்தன. ஆக, மடிக்கணினிக்குள் இருக்கும் வைஃபை அட்டையும் வேலை செய்கிறது, விண்டோஸும் வேலை செய்கிறது. பெண் எதையும் கெடுக்கவில்லை. அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதவில்லை.

பெட்டி நல்ல பெட்டி. மடிக்கணினி நல்ல மடிக்கணினி. இரண்டும் சேர்ந்தால் வரவில்லை. இதைக் கேட்டதும் எல்லோருக்கும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் குற்றவாளி கிடைக்கவில்லை. எனக்கோ நிம்மதி வருகிறது. தோண்ட வேண்டிய இடம் ஜாயின்ட் என்று தெரிந்துவிட்டதல்லவா? மனிதர்கள் விஷயத்தில் நான் பார்த்ததும் இதேதான். மாமியாரும் நல்லவர், மருமகளும் நல்லவள், சேர்ந்தால் ஒரு வேளைச் சாப்பாடு நிம்மதியாக நடக்காத வீடுகள் எத்தனை! ஊர் கூடி இருவரில் யார் கெட்டவர் என்று வருஷக்கணக்காக ஆராய்ந்துகொண்டிருக்கும். சமையலறைச் சாவி எந்த நாளில் எப்படிக் கைமாறியது என்று ஒருவரும் கேட்பதில்லை.

மடிக்கணினியில் இன்னொரு விஷயம் அந்தப் பெண்ணைக் குழப்பியது. “சிக்னல் ஃபுல்லா இருக்கே அத்தை, அப்புறம் ஏன்?” திரையின் மூலையில் கோடுகள் நிறைந்திருந்தன. பெரும்பாலோர் அதை இணைப்பின் ஆரோக்கியம் என்று நினைக்கிறார்கள். அது காட்டுவது ஒன்றே ஒன்றுதான்: பெட்டி பேசுவது கணினியின் காதில் எவ்வளவு சத்தமாக விழுகிறது என்பதை. கணினி திருப்பிப் பேசுவது பெட்டிக்கு எட்டுகிறதா என்பது அந்தக் கோடுகளில் தெரியவே தெரியாது. பெட்டி பெரும்பாலும் உரத்த குரலில் பேசும். மடிக்கணினியும் ஃபோனும் பேட்டரியைச் சேமிக்க மெல்லப் பேசும். அதனால்தான் தொலைவு அறைகளில் கோடுகள் தெரிந்தும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

டிரங்க் போர்டில் இதற்கு ஒன்-வே ஸ்பீச் என்று சொல்வோம். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும். மற்றவர் பேசுவது இவருக்குக் கேட்காது. இவர் “ஹலோ, ஹலோ” என்று கத்திக்கொண்டே இருப்பார். அவர் “கேக்குதுப்பா, சொல்லு” என்று பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். கடைசியில் இவர் கோபமாக ஃபோனை வைத்துவிடுவார். நடுவில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்குச் சில சமயம் இரண்டு குரலும் கேட்கும். அப்போது நாங்களே புகுந்து, “சார், அவங்களுக்கு நீங்க பேசறது கேக்குது. பொண்ணு நல்லா இருக்காளாம், குழந்தைக்கு ஜுரம் இறங்கிடுச்சாம்” என்று வாங்கி வாங்கிக் கொடுப்போம். வெளிநாட்டில் இருக்கும் மகன் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று குறைப்படுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த போர்டு நினைவுக்கு வரும். இவர்கள் வாரா வாரம் ஃபோன் செய்து மூச்சுவிடாமல் பேசுகிறார்கள். கோடுகள் ஃபுல்லாக இருக்கின்றன. அவன் பேசினால் கேட்கிற மாதிரி ஒரு இடைவெளி அந்தப் பேச்சில் எங்கேயாவது இருக்கிறதா என்று யாராவது நடுவில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

வைஃபையை வடிவமைத்தவர்களுக்கு இந்த ஆபத்து தெரிந்தேயிருந்தது. 1997-இல் வெளிவந்த முதல் தரநிர்ணயத்திலிருந்தே ஒரு விதி இருக்கிறது. ஒரு கருவி இன்னொன்றைக் குறித்து ஒரு தகவல் துண்டை அனுப்பினால், அது வந்து சேர்ந்தது என்று எதிர்முனை உடனே ஒரு சிறு பதில் தர வேண்டும். பதில் வரவில்லை என்றால் போய்ச் சேரவில்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்ப வேண்டும். கம்பியில்லாத காற்றில் எது தொலையும், எது மோதும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று அங்கே ஒருவரும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட முடியாது.

நாம் எழுந்துவிடுகிறோம். என் கணவரின் தம்பிகள் இருவர் ஒரே தெருவில் இருந்துகொண்டு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். சின்னவர் வீட்டுக் காதணி விழாவுக்குப் பெரியவருக்கு அழைப்பே வரவில்லை என்பது ஒரு கட்சி. “வாட்ஸாப்பில் முதல் ஆளா அவருக்குத்தான் அனுப்பினேன், வேணும்னே வரலே” என்பது எதிர்க்கட்சி. உறவினர்கள் வழக்கம்போல இரண்டாகப் பிரிந்து, எவர் குணம் எப்படி என்று பழைய சொத்துக் கணக்கு வரை போய்விட்டார்கள். சின்னவரிடம் ஃபோனை வாங்கிப் பார்த்தேன். அழைப்பிதழ் படம் இருந்தது. கீழே ஒற்றை டிக். அனுப்பப்பட்டது, ஆனால் அந்த ஃபோனுக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். பெரியவர் அந்தச் சமயத்தில் ஃபோனை மாற்றியிருந்தார். பழைய நம்பரை விட்டுவிட்டார். அனுப்பியவர் பொய் சொல்லவில்லை. வரவில்லை என்றவரும் பொய் சொல்லவில்லை. முன்பெல்லாம் தாம்பூலத் தட்டோடு வாசலில் போய் நின்று பத்திரிகை வைப்பார்கள். வாங்கிக்கொண்டவர் முகத்தைப் பார்த்து, காபி குடித்துவிட்டு வருவார்கள். வந்து சேர்ந்தது என்ற பதில் அங்கேயே கிடைத்துவிடும். ஒற்றை டிக்கைப் பார்த்ததும் இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பொங்கலுக்கு ஒரு கட்டு கரும்பு இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போனது. இப்போதைக்கு அவ்வளவுதான்.

மடிக்கணினிக்கு வருகிறேன். அண்ணன் சென்னையிலிருந்து வரிசையாக யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். டிரைவரை நீக்கு, நெட்வொர்க்கை ரீசெட் செய், ஆன்டிவைரஸை அணை, பெட்டியின் பின்னால் உள்ள ஓட்டையில் ஊசியை விட்டு அமுக்கு. எல்லாம் ஒரே மூச்சில். நான் ஊசிக்கு மட்டும் குறுக்கே விழுந்து தடுத்தேன். பெட்டியை அணைத்துப் போடுவது வேறு, அந்த ஓட்டையில் ஊசி விடுவது வேறு. அணைத்துப் போட்டால் தற்காலிக நினைவு மட்டும் போகும். இரண்டு மூன்று நிமிடத்தில் பழைய ஏற்பாடுகளோடு எழுந்துவிடும். அதில் தவறில்லை, அதுதான் முதல் வைத்தியம். பெட்டியை முதலில் எழுப்பி, விளக்குகள் நிலைத்தபிறகு கணினியை எழுப்ப வேண்டும், அவ்வளவே. ஊசி விட்டால் நிறுவனத்துக்காரர் வந்து எழுதிவைத்த பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்து, பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைய நிலைக்குப் போய்விடும். அப்புறம் பாட்டியின் ஃபோனிலும் வராது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். செய்து பார், பலனில்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடு. இதை நான் வேதவாக்காகவே சொல்வேன். ஐந்தை ஒன்றாக மாற்றி வேலை செய்துவிட்டால், எது செய்தது என்று தெரியாது. அடுத்த முறையும் ஐந்தையும் செய்ய வேண்டும். வேலை செய்யாவிட்டால் இன்னும் மோசம்; இருந்த ஒரு கோளாறு இரண்டாகியிருக்கும். பத்தாம் வகுப்புக் காலாண்டில் பிள்ளைக்கு மார்க் குறைந்தால் வீடுகளில் நடப்பது இதுதான். டியூஷன் மாற்றுவார்கள், ஃபோனைப் பிடுங்குவார்கள், விளையாட்டை நிறுத்துவார்கள், விடிகாலை நாலு மணிக்கு எழுப்புவார்கள், எல்லாம் அதே திங்கட்கிழமையிலிருந்து. அரையாண்டில் மார்க் ஏறினால் நான்கு மணியின் மகிமை என்பார் அப்பா, டியூஷன் என்பார் அம்மா. இறங்கினால் பிள்ளை மக்கு. கண்ணாடி போட வேண்டிய பிள்ளையாக இருந்திருக்கும். கரும்பலகை தெரிகிறதா என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் அந்தப் பெண்ணிடம் இன்னொரு கேள்வி கேட்டேன். “எப்பவரைக்கும் வந்தது?” அவள் யோசிக்கவேயில்லை. “போன வாரம் புதுப் பெட்டி மாட்டிட்டுப் போனாங்களே, அதுக்கு முந்தின நாள் வரைக்கும்.” அந்த அறையில் இவ்வளவு நேரம் அத்தனை பேர் பேசியும் இந்த ஒரு தகவல் வெளியே வரவில்லை. யாரும் கேட்கவில்லை, அவளுக்கும் தற்காப்பில் சொல்லத் தோன்றவில்லை. திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறவர்களுக்கு நினைவு நேராக வேலை செய்வதில்லை. 198-இல் இதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். குரலை உயர்த்திக் கேட்டால் “தெரியாது” என்பார்கள், “மழைக்கு முன்னாடி நல்லா இருந்ததாம்மா?” என்று கேட்டால் எல்லாம் சொல்வார்கள்.

மீதி எளிது. முதலில் கணினி நினைவில் வைத்திருந்த பழைய வைஃபை விவரத்தை நீக்கச் சொன்னேன். பெட்டி மாறினாலும் வைஃபை பெயர் அதேதான் என்றால், கணினி பழைய ஏற்பாட்டையே வைத்துக்கொண்டு முட்டிக்கொண்டிருக்கும். நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாகப் பார்த்துப் போட்டோம். பூஜ்யமா ஓ-வா என்று கண்ணாடி போட்டுப் பார்த்து. அப்போதும் இணையவில்லை. அதைப் பழையபடி விட்டுவிட்டு, பாட்டியின் ஃபோன் பிரவுசரில் 192.168.1.1 என்று போட்டு, பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து உள்ளே போனோம். பாதுகாப்பு என்ற பகுதியில் டபிள்யூ.பி.ஏ.3 என்று மட்டும் வைக்கப்பட்டிருந்தது. 2018-இல் வந்த முறை அது. அந்த மடிக்கணினியின் வைஃபை அட்டை அதற்கு முந்தையது. 2004-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 வரைதான் அதற்குத் தெரியும். பெட்டி புது முறையில் அடையாளம் கேட்கிறது; கணினிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. பெட்டியை டபிள்யூ.பி.ஏ.2-க்கு மாற்றினோம். கடவுச்சொல் நீளமாகவும் ஊகிக்க முடியாததாகவும் இருந்தால் ஒரு வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு போதும். மடிக்கணினி இணைந்தது.

புதியது இறங்கி வந்தது. ஏனென்றால் இரண்டு முறையும் அதற்குத் தெரியும். பழையதை எவ்வளவு திட்டினாலும் அதற்குத் தெரியாததை அதனிடம் வாங்க முடியாது. வீடுகளில் யார் விட்டுக்கொடுப்பது என்ற பேச்சு வரும்போதெல்லாம் வயதைக் கணக்குப் பார்க்கிறோம்: சின்னவள்தான் பணிய வேண்டும், அல்லது பெரியவர்தான் பெருந்தன்மையாக இருக்க வேண்டும். நான் வேறு கணக்குப் பார்ப்பேன். யாருக்கு இரண்டு பேச்சும் தெரியுமோ அவர் இறங்கட்டும். வங்கிச் செயலியில் தடுமாறும் அப்பாவிடம் மகன் இறங்கலாம். காதல் தோல்வியில் அறைக்கதவைச் சாத்திக்கொண்ட மகனிடம், அந்த வயதையும் இந்த வயதையும் கடந்து வந்த அப்பா இறங்கலாம். இறங்குகிறவருக்கு மானம் போய்விட்டதாக நினைப்பதுதான் நம் ஊரில் பெரிய தடை.

அப்பா பெண்ணிடம் ஒன்றும் சொல்லவில்லை. “சரி, சாப்பிடு” என்றார். எங்கள் பக்கத்து அப்பாக்களிடம் அதுதான் மன்னிப்பு. அவளுக்கு அது போதுமா என்று எனக்குத் தெரியாது, எனக்குப் போதவில்லை. ஆதாரமில்லாமல் நாலு பேர் முன்னால் சொன்னதை ஆதாரம் வந்தபிறகு நாலு பேர் முன்னால் திரும்பப் பெறுவதுதான் முறை என்று அவரிடம் தனியாகச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எல்லாக் கோளாறும் இப்படி நடுவில்தான் இருக்கும் என்று நான் சாதிக்கவில்லை. எங்கேயும் இருக்கலாம், ‘எதுவரை’ என்று கேட்டுக்கொண்டே போனால் அது தன் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இன்னொரு வீட்டில் வைஃபை இணைந்துவிட்டது என்று காட்டும், ஆனால் எதுவும் திறக்காது. கணினியின் முகவரியைப் பார்த்தால் 169.254 என்று தொடங்கியது. ரேஷன் கடை டோக்கன் போல ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண்ணைப் பெட்டிதான் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் கணினி தனக்குத் தானே ஒன்றை எழுதிக்கொள்கிறது. அது இப்படித்தான் தொடங்கும். அந்த எண்ணைப் பார்த்ததும் பெட்டிக்கும் கணினிக்கும் நடுவே பேச்சு முடியவில்லை என்று புரிந்துகொண்டு, தெருவுக்குப் போகாமல் அங்கேயே நின்றோம். இன்னொருவர் கணினியில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்று எச்சரிக்கை. ஹேக் செய்துவிட்டார்கள் என்று பயந்து வங்கி அட்டையையே முடக்கிவிட்டார். உள்ளே இருக்கும் காசளவு பேட்டரி தீர்ந்து, கணினியின் தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தது. தளங்களின் சான்றிதழ் எல்லாம் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவேயில்லை. தேதியைச் சரிசெய்ததும் எல்லாம் திறந்தன. பேட்டரி விலை மிகச் சொற்பம். அட்டையை மீட்க அவர் வங்கியில் நின்ற நேரம்தான் அதிகம்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு வார்த்தை. டி.வி.க்குப் பின்னால், இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில், ஃபிரிட்ஜ் தலையில் வைத்துவிட்டு உள்ளறையில் வரவில்லை என்கிறார்கள். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே மைக்ரோவேவ் அடுப்பும் இயங்குகிறது. அது சுழலும்போது பக்கத்தில் உள்ள இணைப்பு தடுமாறும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் நம் செங்கல் சுவரைத் தாண்டுவதில் பலவீனம். பழைய கணினிகள் சிலவற்றுக்கு அந்த அலைவரிசையில் வரும் வைஃபை பெயரே கண்ணில் படாது. அலைகள் சுவரில் பட்டுப் பட்டு எதிரொலித்து ஒன்றோடொன்று குழம்புவது தொடக்க காலத்தில் பெரிய தலைவலியாக இருந்தது. அதற்கு ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜான் ஓ’சல்லிவனும் குழுவினரும் தொண்ணூறுகளில் வழி கண்டார்கள். அவர் அதற்கு முன் தேடிக்கொண்டிருந்தது வெடித்துச் சிதறும் குட்டிக் கருந்துளைகளின் ரேடியோ சமிக்ஞையை. அது கிடைக்கவில்லை, மங்கிச் சிதறிய அலைகளைப் பிரித்தெடுக்கப் பழகிய கணக்கு இங்கே உதவியது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமமில்லாமல் பயன்படுத்த 2005-இல் அனுமதி வந்தபிறகுதான் நம் வீடுகளுக்குள் இது சாதாரணமானது. இவ்வளவு பேர் உழைத்துக் கொண்டுவந்ததை பீரோ மறைவில் வைக்காமல், வீட்டின் நடுவில் சற்று உயரத்தில் வைத்தால் என்ன?

கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு காலையில் அந்தப் பெண் கூப்பிட்டாள். அப்பா இன்னும் எழுந்திருக்கவில்லையாம். “அத்தை, மடிக்கணினி வைஃபையில சேர்ந்திருக்கு, ஆனா எதுவும் திறக்கலே. பாட்டி ஃபோன்ல டேட்டாவை அணைச்சுட்டுப் பார்த்தேன், அதிலயும் வரலே. பெட்டியில எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பா மினுக்குது. அணைச்சுப் போட்டும் மாறலே. நேத்து ராத்திரி பதினொரு மணி வரைக்கும் வந்தது.”

எல்.ஓ.எஸ். சிவப்பென்றால் கண்ணாடி இழை வழியாகப் பெட்டிக்கு ஒளியே வரவில்லை. வீட்டுக்குள் செய்ய ஒன்றுமில்லை. இழையைக் கழற்றி முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதே, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது ஆனால் கண்ணைக் கெடுக்கலாம் என்று மட்டும் சொன்னேன். “என்கிட்ட சொன்னதை இதே வரிசையில கம்பெனிக்குச் சொல்லு” என்றேன். சொல்லியிருக்கிறாள். அங்கே பேசியவர் ரீஸ்டார்ட் செய்தீர்களா என்று தொடங்காமல் நேராகப் புகார் எண் கொடுத்துவிட்டாராம். மத்தியானம் ஏணியோடு ஒரு பையன் வந்தான். வீட்டுக்குள் நுழையவேயில்லை, கம்பத்தைக் கேட்டான். மூன்றாவது கம்பத்தில் அணில் கடித்திருந்தது.